சைக்கிளில் ஓர் எஸ்கேப்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் ஃப்ளாட்ஸ் அசோசியேஷன் பொதுக்குழு. பொருளாளர் என்கிற முறையில் இரண்டு வருஷக் கணக்கை நான் படித்தாக வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் நான் செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் இருந்தேன். சைக்கிளில்!

அவசரப்படாதீர்கள், பணத்தைச் சுருட்டவில்லை. பி.காம். படித்த பாவத்துக்காகத் தலையில் கட்டிய பதவி அது. வந்த பில்களையெல்லாம் ஒரு ஷூ டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதோடு சரி. முந்தின நாள் ராத்திரி கூட்டிப் பார்த்தால் 4,300 ரூபாய் உதைக்கிறது. 'மோட்டார் ரிப்பேர்ல சார் நல்லா பார்த்திருக்கார்' என்று மூன்றாவது மாடியில் பேச்சு ஓடுவதாக மனைவி வேறு சொன்னாள்.

"எழுந்து நின்னு உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள். எழுந்தேன். எழுந்த வேகத்தில் கிளம்பிவிட்டேன்.

சைக்கிள் நண்பனுடையது. 'கிராவல் பைக்' என்று பெயர். ரேஸ் சைக்கிள் மாதிரி கீழே வளைந்த ஹாண்டில்பார். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அகலம். தார் ரோடு, சரளை, செம்மண் எல்லாவற்றிலும் போகும் என்று சொல்லியிருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று காற்றை மட்டும் கல் மாதிரி அடித்து வைத்தேன். பி.காம். மூளை!

படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பியதும், யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி லாரிச் சத்தம் நின்றது. கொஞ்ச தூரத்தில் தாரையும் விட்டுவிட்டு ஏரிக்கரையில் ஏறினேன். இந்தப் பக்கத்தில் இது ஒரு சௌகரியம். திரும்பின பக்கமெல்லாம் ஏரி. ஏரிக்கு ஒரு கரை, கரைக்கு மேல் ஒரு மண் பாதை. ஜனவரி மாதம். ஒரு பக்கம் நிறைந்த தண்ணீர், இன்னொரு பக்கம் மதகைத் தாண்டி நெல். டயருக்கு அடியில் சரளை நறநறவென்றது. அதற்கும் மேலே என் பல் நறநறவென்றது.

வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரைகள் மரத்துக்கு மரம் மாநாடு போட்டிருந்தன. பறவைகளைச் சுடக் கூடாது என்று இந்த ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வாய் வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள்! எனக்கு ஏனோ ஷூ டப்பா ஞாபகம் வந்தது. பெடலை வேகமாக மிதித்தேன்.

அடுத்த மண் பாதையில் சீமைக்கருவேல முள் தன் கடமையைச் செய்தது. தள்ளிக்கொண்டே போனதில் ஒரு பங்க்சர் கடை. கடைக்காரப் பெரியவர் சைக்கிளைச் சுற்றி வந்தார்.

"இன்னா வண்டி தம்பி இது?"

"கிராவல் பைக்குங்க."

"கிராவலா? எத்தினி லோடு அடிக்கும்?"

ஒட்டி முடித்ததும் காற்றடிக்கும் பம்பு வால்வில் பொருந்தவில்லை. நண்பன் கொடுத்த பையில் குட்டியாக ஒரு பித்தளை அடாப்டர் இருந்ததால் தப்பித்தேன். நான் போதும் என்று சொல்வதற்குள் அவரே நிறுத்திவிட்டார்.

"மண்ணு ரோட்டுக்குக் காத்து கம்மியாத்தான் இருக்கணும். டயரு கல்லை அமுக்கிட்டுப் போவணும் தம்பி, கல்லுகூட சண்டை போடக் கூடாது."

நாற்பது ரூபாய். என்னிடம் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. வழி காட்டிக் காட்டியே செல்போன் செத்திருந்தது. சில்லறை இல்லை என்றவர், ஸ்கூல் நோட்டு ஒன்றை எடுத்துத் தேதி போட்டு, 'கிராவல் சைக்கிள் தம்பி - 40' என்று எழுதினார்.

"பேர் வேணாமாங்க?"

"பேரு எதுக்கு? கணக்கு இருந்தா போதும்."

உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. எங்கள் பொதுக்குழு சூடாக நடந்துகொண்டிருக்கும் நேரம். நான் வைகுண்டப் பெருமாள் கோயில் நிழலில் உட்கார்ந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் கல்வெட்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நைஸாகப் பின்வரிசையில் போய் நின்றேன்.

முதலாம் பராந்தக சோழன் காலம். 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். வயது 35-லிருந்து 70-க்குள். எல்லோருக்கும் வாய்ப்பு இல்லை. வரி கட்டும் நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு உள்ளவர்களுக்குத்தான். அதையும் ஆசிரியர் மறைக்காமல் சொன்னார்.

அப்புறம்தான் குண்டைப் போட்டார். "வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவங்க பேரைக் குடத்துல போடக் கூடாது. அவங்க மட்டுமில்ல. அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், மனைவியோட சகோதரன்... யார் பேரும் கூடாது!"

எனக்கு வேர்த்துவிட்டது. என் மைத்துனன் அதே ஃப்ளாட்ஸில் இரண்டாவது மாடி. இந்த வருஷம் செயலாளருக்கு நிற்கிறான்!

யோசித்தால் ஒன்று உறைத்தது. திருடியவருக்குத் தனி விதி இருக்கிறது. இது திருடாதவருக்கும் சேர்த்து. 'நான் ஒரு பைசா எடுக்கலை' என்று இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால், எடுத்தாயா என்று யார் கேட்டார்கள்? காட்டினாயா என்றுதானே கேட்டார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஏரிக்கு ஆறு பேரைப் போட்டு, அந்த ஆறு பேரிடமும் கணக்கு கேட்டிருக்கிறது ஓர் ஊர். நானோ ஏரிக்கரை மேலேயே ஓடி ஒளிந்திருக்கிறேன்!

டீக்கடையில் நோட்டை மாற்றி, வந்த வழியே திரும்பினேன். காற்று குறைந்த டயர் கல்லோடு சமாதானமாகப் போனது. பெரியவரிடம் நாற்பது ரூபாயைக் கொடுத்ததும், நோட்டில் அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கோட்டைப் பார்க்கவே அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதற்கு மேல் தொடை ஒத்துழைக்கவில்லை. செங்கல்பட்டு வரை ஒரு குட்டியானையில் சைக்கிளோடு ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி சிரிக்கிறாள். கோரம் இல்லாமல் பொதுக்குழுவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டார்களாம்!

ராத்திரியே டப்பாவைக் கவிழ்த்தேன். 3,100 ரூபாய்க்கு பிளம்பர் ரசீது கிடைத்தது. 1,200 கிடைக்கவில்லை. 'ரசீது இல்லை, பொருளாளர் சொந்தப் பணத்தில் கட்டுகிறார்' என்று பேப்பரில் எழுதினேன். அடுத்த வாரம் எழுந்து நின்று அதைப் படிக்கப்போகிறேன்.

அப்படியே ஒரு புது நோட்டும் வாங்கிவிட்டேன். முதல் வரி: 'பங்க்சர் - 40. சொந்தச் செலவு.'