லயத்து வெளிச்சம்

நக்கிள்ஸ் மலைக்கு 18-55 கிட் லென்ஸே தாராளம். விடிய மடுல்கெல்ல தேயிலைமேல பனிமூட்டம் எழும்பும்போது எஃப் 8-ல அடிச்சா, விலைகூடின லென்ஸ் வச்சிருக்கிறவனும் வித்தியாசம் கண்டுபிடிக்கமாட்டான்.

சிக்கல் தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ளதான். ஒத்த ஜன்னல், அடுப்புப் புகை, அப்பாயி ரொட்டி தட்டுது. 55-ல 5.6-க்கு மேல திறக்காது; ஐஎஸ்ஓ 6400 போட்டா முகமெல்லாம் மணல். 50 எம்எம் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ஆனா அந்தச் சின்ன அறையில பின்னால நகர இடமேது? 35-தான் சரிவரும்.

அதுவரைக்கும் ஷட்டரைக் கூட நேரம் திறந்துவைக்கலாம்னா, 1870களில் இலங்கையில் தொழிலாளர்களைப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் ஆட்களை நொடிக்கணக்கா அசையாம நிக்கவச்சாங்க. அப்பாயிகிட்ட அது நடக்குமா?

கண்டிக்குப் போறப்ப பழைய 35 கிடைக்குதான்னு பாக்கணும். அதுவரைக்கும் கதவைத் திறந்துவச்சு, அப்பாயிய வாசப்படிக்கு வரச்சொல்றேன். ரொட்டி கருகுதுன்னு திட்டுது.