உரச்சாக்கில் பூக்கும் சம்பங்கி

சுங்கைப்பட்டாணியில் பூக்கடை வைத்திருக்கும் நண்பர், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அழைத்தார். "கேமரன் மலையிலிருந்து செவ்வந்தி வருது, இந்தியாவிலிருந்து விமானத்துல மல்லிகை வருது. நம்ம கெடாவுல விளையுற சம்பங்கின்னு என் கடைக்கு வர்றது ஒரே ஒரு அம்மாவோடதுதான். அவங்க கை ஓய்ஞ்சா அதுவும் இல்ல. ஒரு தடவை பாத்து எழுதுங்க" என்றார். விடியுமுன்னே பீடோங் பக்கம் அழைத்துப் போனார்.

சாலையின் இரு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் அத்தனையும் கித்தாத் தோட்டம். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததுமே வாசம் வந்து சேர்ந்தது. நிலச்சம்பங்கி தன் மணத்தையெல்லாம் இரவில்தான் அவிழ்க்கும். இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. மலிவு விலை வீடுகளின் கடைசி வரிசைக்குப் பின்னால், கால்வாய்க்கும் செம்பனைக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு துண்டு நிலம். அதில் பழைய உரச்சாக்குகள் வரிசை பிடித்து நின்றன. ஒவ்வொரு சாக்கிலும் புல்லைப் போல அடர்ந்த இலைக்கொத்து. அதன் நடுவிலிருந்து என் நெஞ்சு உயரத்துக்குத் தண்டு எழும்பியிருந்தது. மொட்டுகள் இரண்டிரண்டாக, அடியிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டிருந்தன.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விரிந்த பூவை மட்டும் காம்போடு கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டே நகர்ந்தார். கித்தாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்து வழக்கம் அந்த விளக்கு. "பால்மரமும் இதுவும் ஒண்ணுதான் தம்பி. வெயில் ஏறுனா ரெண்டுமே கொடுக்காது" என்றார். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும். சம்பங்கியின் இதழும் வெயிலில் துவண்டுவிடும். தோட்டத்து வேலை பழக்கிய நேரம் பூவுக்கும் பொருந்திவிட்டது.

அவர் இடுப்பில் செருகியிருந்த கத்தியை விட்டு என் கண் அகலவில்லை. மரம் வெட்டும் கத்தி. நுனி மடங்கி நடுவில் பள்ளம் விழுந்த அலகு, தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. பால்மரத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்ளே மரத்தின் உயிர்ப்படலத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த இடம் புடைத்துக் கட்டிவிடும், பிறகு அங்கே வெட்ட முடியாது. அந்தக் கைப்பதம்தான் இன்று கிழங்கு பிரிக்க உதவுகிறது.

ஒரு சாக்கைக் கவிழ்த்துக் காட்டினார். நடுவில் பழைய தாய்க்கிழங்கு, சுற்றிலும் குட்டிகள். ஒரு முறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. பக்கத்தில் விடும் குட்டிகள்தாம் அடுத்த பூவைத் தரும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரித்து நடாவிட்டால் நெருக்கத்தில் பூ சிறுத்துப்போகும். கத்தியின் மடங்கிய நுனியை இடுக்கில் நுழைத்து ஒரு திருப்பு திருப்பினார். குட்டி தனியே கழன்று வந்தது, தோலில் ஒரு கீறல் இல்லை. பெருவிரல் தடிமன் இருந்தால் அந்த ஆண்டே பூக்குமாம். சின்னதைத் தனிச் சாக்கில் போட்டு வளர்க்கிறார்.

நட்டு மூன்று, நான்கு மாதத்தில் பூ வரும். ஆகவே தைப்பூசத்துக்குப் பூ வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரில் நட்டாக வேண்டும். கெடாவில் மழை வலுக்கும் பருவம் அது. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். அதனால் ஓட்டை போட்ட சாக்கும் மணல் கலந்த மண்ணும். "மழை மட்டும் காரணமில்ல தம்பி. இந்த நிலம் என்னோடது இல்ல. காலி பண்ணச் சொன்னா தூக்கிட்டுப் போகணும்ல?"

அவர் சொல்வது பட்டறிவு. லயத்து வீட்டில் பிறந்தவர். வாசலில் அவருடைய அம்மா வைத்த கிழங்கின் வழிவந்தவைதாம் இவை. லயத்து வாசல்களில் துளசி, செம்பருத்தி, கனகாம்பரத்தோடு சம்பங்கியும் இருந்தது. தோட்டத்து மாரியம்மனுக்கு வெளியிலிருந்து பூ வாங்கியதே இல்லை. கித்தாவை அழித்துச் செம்பனை வைத்தார்கள், வேலை குறைந்தது. பிறகு தோட்டமே வீட்டுமனையாக விற்கப்பட்டது. மற்றவர்கள் கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றியபோது, இவர் ஓர் அரிசிச் சாக்கு நிறையக் கிழங்கைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்.

பூவை எடுக்க மோட்டார் சைக்கிளில் ஒரு வியாபாரி வருகிறார். விலையை அவர்தான் சொல்வார். திருவிழா வாரத்தில் மாலையின் விலை ஏறுகிறது. அம்மாவின் வாளிக்குக் கொடுக்கும் காசு ஏறுவதில்லை. மழை வாரத்தில் ஆளே வருவதில்லை, பூ செடியிலேயே வாடுகிறது. "நீங்களே நேரா வாங்கலாமே?" என்று நண்பரைக் கேட்டேன். நேராக வாங்கினால் அந்த வியாபாரி கடைக்குத் தரும் செவ்வந்தியையும் மல்லிகையையும் நிறுத்திவிடுவார், கடையை மூட வேண்டியதுதான் என்றார். விளைவிக்கிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளிடம் சிக்கிக் கிடக்கிறார்கள். காவடிக்கும் ரதத்துக்கும் மாலைக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கும் சமூகம் நாம். அந்தப் பணத்தில் நான்கு மணிக்கு எழுந்து பூப்பறிக்கிற கைக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

இது தீராத நோயல்ல. வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன், பணம் சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது 1961இல் வாங்கிய முதல் தோட்டம் இதே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பால்மரம் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்துத் தோட்டத்தையே வாங்கியவர்களின் பிள்ளைகள், நாலு வாளிப் பூவை நியாய விலைக்கு வாங்க முடியாதா?

கோயில் நிர்வாகங்கள் நினைத்தால் முடியும். திருவிழாவுக்கு வேண்டிய பூவை முன்கூட்டியே விலை பேசி, விளைவிப்பவரிடமே நேராகப் பாதிப் பணம் கொடுக்கட்டும். வளாகத்தில் சும்மா கிடக்கும் மண்ணில் இரண்டு பாத்தி ஒதுக்கட்டும். சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே என்ற பயம் அந்த அம்மாவுக்கு இல்லாமல் போகும். யார் கேட்டாலும் கிழங்கு தருகிறேன், பிரிக்கவும் சொல்லித் தருகிறேன் என்கிறார் அவர். அடுத்த தைப்பூசத்துக்கான கிழங்கைச் செப்டம்பரில் நட்டாக வேண்டும். அதற்குள் பேசி முடிக்க நமக்கு நேரம் இருக்கிறது.