அத்தையின் ரெண்டு ரூபா கணக்கு

ஆடி பிறந்துவிட்டால், மேட்டூர்த் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டியாச்சா என்பதுதான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கே பேச்சு. தாண்டியாச்சு என்று தெரிந்ததும் அத்தைக்கு வீட்டில் கால் தரிக்காது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பெரிய கடை வீதியில் காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு. காந்தி மார்க்கெட்டில் விளாம்பழம், அதுவும் கடனுக்கு. விற்ற பழத்துக்குக் காசு கொடுத்தால் போதும், மிஞ்சியதைத் திருப்பிக்கொள்வார்கள்.

பதினெட்டாம் பெருக்கன்று விடியுமுன்னே அம்மா மண்டபத்துக்குப் போகிற வழியில் சாக்கை விரித்துவிடுவோம். தாலிக்கயிறு மாற்ற வந்த புதுப்பெண்கள், அவர்களுக்குப் பின்னால் காப்பரிசித் தூக்கோடு மாமியார்கள், ஈரப் புடவைகள், மஞ்சள் வாசனை. காதோலை, கருகமணி, கயிறு சேர்ந்த சின்ன செட்டு 3 ரூபாய். ஒரு விளாம்பழமும் வைத்தால் பெரிய செட்டு, 5 ரூபாய். கேட்கிறவர்களுக்கு மட்டும் பழத்தை எடுத்து வைப்போம். பழத்தை யாரும் அப்படியே வாங்குவதில்லை. காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சதை ஓட்டைவிட்டு ஆடினால்தான் பழுத்தது. அந்த ஆராய்ச்சிக்கே பாதிப் பொழுது போய்விடும்.

சாயங்காலம் கட்டி வைத்த 100 செட்டும் காலி. சுருக்குப்பையில் 380 ரூபாய். மார்க்கெட்டுக்கு எத்தனை பழத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்? கூடையில் கிடந்ததை எண்ணிக் கழிக்கலாம் என்றால், சித்தப்பா மகன் வாயோரம் விளாம்பழப் புளிப்பு. அத்தை அவனை ஒன்றும் கேட்கவில்லை.

“எல்லாமே சின்ன செட்டுன்னு வச்சுக்கடா. எவ்ளோ வரணும்?”

“முந்நூறு.”

“எம்பது கூட வந்திருக்குல்ல? பழம் ஒண்ணுக்கு ரெண்டு ரூபா கூட. அப்ப நாப்பது பழம் வித்திருக்கு.”

கொண்டுவந்தது 45. கூடையில் 3. மீதி 2 பழம் எங்கே போயிற்று என்று அவனைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பில் x + y = 100, 3x + 5y = 380 என்கிற மாதிரிக் கணக்குகளைப் போட்டு, முதல் சமன்பாட்டை 3-ஆல் பெருக்கிக் கழி என்றார்கள். 2y = 80. இதற்கு நீக்கல் முறை என்று பெயர். பெருக்கும் அந்த 3 ஏன் வருகிறது என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ‘எல்லாமே சின்ன செட்டு’ என்பதுதான் அந்த 3. இதைச் சொல்லாமல் குறுக்குப் பெருக்கலுக்குத் தாவுகிற பாடம் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அத்தைக்கு விலை தெரியும், எண்ணிக்கைதான் தெரியாது. விலையே தெரியாவிட்டால்? 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்து மகாவீராசாரியர் தம் ‘கணிதசாரசங்கிரகம்’ நூலில் அப்படியொன்று கேட்டிருக்கிறார். 1912-இல் சென்னையில் எம். ரங்காசாரியார் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101. கூட்டினால் இரண்டிலும் 16, விலை 208. அப்படியானால் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து 13. கழித்தால் 2 நார்த்தங்காய்க்கும் 2 விளாம்பழத்துக்கும் வித்தியாசம் 6. ஒன்றுக்கு ஒன்று 3. பேனாவைத் தொடாமல் விடையைச் சொல்லிப் பாருங்கள். நார்த்தங்காய் 8, விளாம்பழம் 5 வர வேண்டும்.