பெல்ட் இல்லாதவனின் குத்து

ஞாயிறு மாலை வாசிப்பு வட்டம் முடிந்ததும் நாங்கள் உடனே கலைவதில்லை. டீ வரும். டீயோடு சண்டையும் வரும். சென்ற வாரச் சண்டை இது: குத்துச்சண்டை வரலாற்றிலேயே பலமான குத்து யாருடையது? 1980-ல் முகமது அலி வந்துபோனதை இன்றும் கதையாகச் சொல்கிற வடசென்னையில் இந்தக் கேள்வியைப் போட்டால், பத்து மணிக்கு முன் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. போகவில்லை.

கல்லூரி முதலாண்டுத் தம்பி மைக் டைசன் என்றான். “ஜெயிச்சது 50, அதுல 44 நாக் அவுட்ணா. இருபது வயசுல சாம்பியன். இதுக்கு மேல என்னா வேணும்?” எங்களில் மூத்தவர் ஜார்ஜ் ஃபோர்மன் பக்கம் நின்றார். 1973-ல் ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டுக்குள் ஆறு முறை சாய்த்தவர், 1994-ல் 45 வயதில் மீண்டும் பட்டம் வென்றவர். சட்டம் படிக்கும் தோழர் எர்னி ஷேவர்ஸ் பெயரைச் சொன்னார். அவர் அடித்த அடி ஆப்பிரிக்காவில் இருக்கிற என் சொந்தக்காரர்களுக்கே வலித்தது என்று அலி கிண்டலாகச் சொன்னாரே, அந்த ஷேவர்ஸ்.

எல்லாரும் நாக் அவுட் கணக்கைத்தான் நீட்டினோம். கணக்கு கைகொடுக்கவில்லை. ஃபோர்மனும் 68, ஷேவர்ஸும் 68. 1979-ல் ஏழாவது ரவுண்டில் ஷேவர்ஸின் வலது கைக் குத்தில் லாரி ஹோம்ஸ் விழுந்தார். எழுந்தார். பதினோராவது ரவுண்டில் ஹோம்ஸே ஜெயித்தார். அப்படியானால் அந்தக் குத்து எந்தக் கணக்கில் வரும்? கருவி வைத்து அளக்கலாமே என்றார் ஒருவர். பிரிட்டனில் ஃபிராங்க் புருனோவின் குத்தை 1985-ல் அப்படி அளந்து, சுமார் 4,000 நியூட்டன் என்று எழுதிவைத்தார்கள். செத்துப்போனவர்களின் கையை எந்தக் கருவியில் வைப்பது?

கடைசியில் ‘தி ரிங்’ பத்திரிகை 2003-ல் வெளியிட்ட 100 பேர் பட்டியலை எடுத்தோம். முதலிடம் ஜோ லூயி. டைசன் பதினாறாவது. தம்பியின் முகம் சுருங்கியது. இரண்டாமிடம் சாம் லாங்ஃபோர்ட். எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

“எந்த வருஷ சாம்பியன்?”

“சாம்பியனே இல்லையாம்.”

“பெல்ட் இல்லாதவனை எப்படிணா ரெண்டாவதா வைப்பாங்க?”

நியாயமான கேள்வி என்றே எல்லாருக்கும் பட்டது. யாரும் மறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

லாங்ஃபோர்ட் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பர். ஐந்தடி ஏழு அங்குலத்தைத் தாண்டாத உயரம். லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை மோதினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நாக் அவுட் செய்தார். ஆனால் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான ஒரே ஒரு சண்டைகூட அவருக்குத் தரப்படவில்லை. வெள்ளைச் சாம்பியன்கள் ‘நிறக்கோடு’ கிழித்து வைத்திருந்தார்கள்: கறுப்பரோடு பட்டத்துக்கு மோத மாட்டோம். எனவே கறுப்பர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதினார்கள். லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் மட்டும் பதினைந்து முறைக்கும் மேல். அவர்களுக்கென்று ‘கறுப்பர் ஹெவிவெயிட் பட்டம்’ தனியாக ஒன்று இருந்தது. டீக்கடையில் தனிக் குவளை போல, ரிங்கில் தனிப் பட்டம்.

1908-ல் சிட்னியில் ஜாக் ஜான்சன் அந்தக் கோட்டைத் தாண்டி முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1910-ல் அவர் ஜெஃப்ரீஸை வீழ்த்தியபோது அமெரிக்க நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள். குத்துச்சண்டைப் படச்சுருளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையே 1912-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

இதே ஜான்சன் 1906-ல் லாங்ஃபோர்டை வென்றவர். சாம்பியன் ஆன பிறகு அவருக்கு மறுபடி வாய்ப்பே தரவில்லை. வெள்ளையரோடு மோதினால்தான் பெரிய பணம். கசப்பான உண்மை, மறைக்க வேண்டாம். கதவை உடைத்து உள்ளே போனவர் பின்னால் நின்றவரை உள்ளே விடவில்லை. ஆனால் அந்தக் கதவைப் போட்டவர் அவர் அல்ல.

1915-ல் ஜான்சன் தோற்றார். அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்த ஆண்டு அது. அதன்பின் 1937-ல் ஜோ லூயி வரும்வரை, 22 ஆண்டுகள், எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்பில்லை. லாங்ஃபோர்ட் பார்வை மங்கிய பிறகும் சண்டையிட்டார். 1944-ல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தபோது, ஹார்லெமில் ஓர் அறையில், கண் தெரியாமல், கையில் காசில்லாமல் இருந்தார்.

தோழர்களே, எங்களில் பாதிப் பேர் ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள். “தகுதி இருந்தால் உங்கள் ஆட்கள் ஏன் இத்தனை காலம் இந்தத் துறையில் வரவில்லை?” என்று முதுகலை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்கப்பட்டிருக்கிறோம். அன்று பதில் சொல்ல வராமல் இரவெல்லாம் தூங்காமல் கிடந்தோம். அதே கேள்வியைத்தான், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, லாங்ஃபோர்டிடம் நாங்களே கேட்டிருக்கிறோம்: உன் பெல்ட் எங்கே?

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. ஜோ லூயியை அக்காலப் பத்திரிகைகள் காட்டு விலங்கோடு ஒப்பிட்டு எழுதின. கறுப்பனுக்கு உடம்பு இயற்கையிலேயே பலம், மூளை கிடையாது என்ற அதே பேச்சு. உண்மையில் லூயியின் குத்து படித்து வந்தது. பாதத்தை ஊன்றி, நிலை குலையாமல், குறுகிய தூரத்திலிருந்து அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜாக் பிளாக்பர்ன். அந்தப் பாடம்தான் 1938-ல் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் முடித்தது. பிளாக்பர்ன் யார்? இளமையில் லாங்ஃபோர்டோடு பலமுறை மோதியவர். இரண்டாமிடத்துக்காரரின் குத்தைத் தன் உடம்பில் வாங்கியவர், முதலிடத்துக்காரருக்கு ஆசிரியர் ஆனார். பட்டம் மறுக்கப்பட்டவர்களின் கல்வி கைமாறி வந்த வழி இது. எந்த நாக் அவுட் கணக்கிலும் இது தெரியாது.

பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவோம், சண்டையும் போடுவோம். எங்கள் நோட்டில் பெயர், நாக் அவுட் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் இப்போது மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ‘மோதாமல் தவிர்க்கப்பட்டவர் யார்?’ ஏழாம் இடத்து ஜாக் டெம்ப்சிக்கு நேரே ஹாரி வில்ஸ் என்று எழுதியிருக்கிறோம்.

தம்பி இன்னும் டைசன்தான் என்கிறான். இருக்கட்டும். ஆனால் போனில் லாங்ஃபோர்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த ஞாயிறு நீங்களும் வாருங்கள். டீ எங்கள் செலவு. மூன்றாவது கட்டத்துக்கு ஒரு பெயரோடு வந்தால் போதும்.