பால்கோவா ஊர்ப்பக்கம் பாலில்லாத கேக்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில், பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில், எங்கள் வீட்டு அடுப்படியில் இப்போது பால், முட்டை, வெண்ணெய் எதுவுமில்லாத கப்கேக் வேகிறது. தங்கை மகனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அவனுக்காகத்தான் வீகன் சமையல் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஐசா சந்திரா மாஸ்கோவிட்ஸும் டெர்ரி ஹோப் ரொமேரோவும் 2006-ல் கொண்டுவந்த 'வீகன் கப்கேக்ஸ் டேக் ஓவர் தி வேர்ல்ட்'. முட்டை இல்லாமல் கேக் எப்படி உப்புகிறது என்பது அதைப் படித்தபோதுதான் புரிந்தது. புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பும். அந்தக் குமிழிகள்தான் மாவைத் தூக்குகின்றன. அதனால் கலந்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது, உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.

அவர்கள் சோயா பால் சொல்கிறார்கள். நமக்கு எதற்கு அது? எங்கள் வத்திராயிருப்புப் பக்கம் எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்பு. தேங்காய்ப்பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டிப் பாகு ஊற்றினேன். நிறம் கொஞ்சம் கறுக்கிறது, வாசனை வீதி வரை போகிறது. மேலே பூச, முதல் பாலைக் குளிரவைத்து, மிதந்து கெட்டிப்பட்ட பகுதியை மட்டும் வழித்து அடித்தால் போதும்.

பால் சேராத பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், அடுத்த பிறந்தநாளுக்கு இதைச் செய்து கொடுங்கள். அளவு வேண்டுமென்றால் கேளுங்கள், எழுதி அனுப்புகிறேன்.