உண்டியலில் விழுந்த பள்ளிக்கூடம்

பென்னாகரத்துப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு நான் வருஷத்துக்கு இரண்டு தடவை போவது வழக்கம். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு தடவை, வயல் குத்தகைக் கணக்குப் பார்க்க ஒரு தடவை. அப்படிக் கணக்குப் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. கையில் ஒரு நீள நோட்டுப் புத்தகமும் ரசீதுக் கட்டும்.

"தம்பி, நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போட நிறுத்தாம ஹைஸ்கூல் ஆக்கணும்னு மனுப் போட்டிருக்கோம். ஊர்ப் பங்குன்னு ஒரு தொகை கட்டணுமாம். உன் பேரை எழுதட்டுமா?" என்றார்.

நான் பர்ஸைத் திறந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினேன். அந்த மாதம் என் நாவல் ஒன்றுக்கு நல்ல பணம் வந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் பேரை எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்து, மோர் குடித்துவிட்டுப் போனார். அந்த வருஷம் தொகை சேரவில்லை. பள்ளிக்கூடம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று.

ஒரு வருஷம்தானே என்று நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படி நினைக்க முடியாது. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த ஜில்லா எங்கள் தருமபுரிதான், நூற்றுக்கு 68.5 பேர். எட்டாவது முடித்த பெண்ணை ஏழு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் அனுப்புவானேன் என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பெண் எத்தனை நாள் வீட்டில் இருப்பாள்? அந்த வருஷம் எங்கள் எதிர்வீட்டுப் பெண் எட்டாவது முடித்திருந்தாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் என் பெட்டியைத் திறந்து வாரப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு போகிறவள். அடுத்த தடவை போனபோது அவளைக் காணோம். கலியாணம் ஆகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள் என்று சொன்னார்கள்.

இது என் மனத்தில் ஒரு முள்ளாகக் கிடந்தது. ஆனால் முள் குத்துகிறது என்பதை எனக்கு உணர்த்தியது ஊர் அல்ல, தரங்கம்பாடி.

கடற்காற்று வாங்கலாம் என்று நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தோம். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையைப் பார்த்தோம். சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1718இல் கட்டிய கோவிலையும் பார்த்தோம். அவர் 1706 ஜூலை மாதம் இங்கே வந்து இறங்கியபோது வயது ஏறக்குறைய 24. அடுத்த வருஷமே பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து. 1707இல், இந்தியக் கடற்கரையில், பெண் குழந்தைக்குப் பள்ளிக்கூடம்! என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ரசீது விஷயம் தெரியும்.

ஊருக்குத் திரும்பியதும் இந்த மனிதருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே போனால் பாதை ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் போய் நின்றது. சீகன்பால்கு அங்கேதான் படித்தார். அங்கே ஆகஸ்டு ஹெர்மான் பிராங்கே என்று ஒரு பாதிரியார். ஹாலே நகரத்தை ஒட்டிய கிளௌகா என்ற ஏழைகள் பேட்டைக்கு 1692இல் வேலைக்கு வந்தவர். சாராயக்கடைகளுக்குப் பேர்போன இடம் அது. பிச்சைக்கு வரும் குழந்தைகளை நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டால் ஒன்றுக்கும் பதில் தெரியாது. 1695இல் ஈஸ்டர் சமயம் அவர் வீட்டுத் தரும உண்டியலைத் திறந்தபோது, யாரோ ஒருவர் ஒரே தடவையில் போட்ட 4 தாலரும் 16 குரோஷனும் இருந்தன. பெரிய பணம் அல்ல. ஆனால் மனிதர் துள்ளிக் குதித்தார். இது நல்ல முதல், இதைக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

அன்றைக்கே அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கினார். ஓர் ஏழை மாணவனைப் பிடித்து, தினம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்ல வாரத்துக்கு 6 குரோஷன் என்று பேசினார். இடம்? தம் படிப்பறைக்கு முன்னால் இருந்த அறைதான். குழந்தைகளுக்கு 27 புத்தகங்கள் கொடுத்தார். திரும்பி வந்தவை நாலு! மற்றவற்றைக் குழந்தைகள் விற்றிருக்கலாம், கொண்டு ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் அந்த இடத்தில் கதையை முடித்திருப்பேன். "இந்த ஜனங்களுக்கு என்ன செய்தாலும் இப்படித்தான்" என்று ஒரு வசனமும் பேசியிருப்பேன். பிராங்கே மறுபடி புத்தகம் வாங்கினார். இந்தத் தடவை, பாடம் முடிந்ததும் புத்தகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு விதி போட்டார். அவ்வளவுதான்.

அப்புறம் அது வளர்ந்த வேகத்தைப் படித்தால் மூச்சு வாங்குகிறது. ஏழைக் குழந்தைகள் படிப்பதைப் பார்த்து, காசு கொடுக்கக் கூடியவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1697இல் கலாசாலைக்குப் போகிற பிள்ளைகளைத் தயார் செய்ய இலத்தீன் உயர்நிலைப் பள்ளி. அடுத்த வருஷம் பெண்களுக்கும் ஓர் உயர்தரப் பள்ளி வைத்தார். பாவம், அது நெடுங்காலம் நிற்கவில்லை. (பெண்ணின் படிப்பு நடுவில் நிற்பது எங்கள் ஜில்லாவுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை போலிருக்கிறது.) அநாதை விடுதி, அச்சுக்கூடம், புத்தகக் கடை, மருந்துக் கடை எல்லாம் வந்தன. மருந்து விற்ற லாபத்தில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பிராங்கே 1727இல் இறந்தபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். பிராங்கேயின் பள்ளியில் விளையாட்டுக் கிடையாது; வீண் பொழுது என்பது அவர் எண்ணம். விளையாட்டுக்குப் பதிலாகக் கடைசல் வேலை, கண்ணாடி தேய்க்கும் வேலை. ஒரு நிமிஷம் தனியாக விடாமல் கண்காணிப்பு. நான் அங்கே சேர்ந்திருந்தால் இரண்டாம் நாளே அந்தப் புத்தகங்களோடு நானும் ஓடியிருப்பேன். மதம் மாற்றும் நோக்கம் முன்னாலும் பின்னாலும் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. சீகன்பால்கு தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கேக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் அதைப் பரப்புகிறாயே என்கிற தோரணையில் ஒதுக்கிவிட்டார். அந்த நூல் 1867இல் சென்னையில்தான் அச்சேறியது.

ஆனால் அந்த நூலை எழுதத் தெரிந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதுதான் என் மனத்தில் நிற்கிறது. தரங்கம்பாடிக்கு வந்த புதிதில் சீகன்பால்கு ஒரு வயோதிகத் திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். பிறகு அந்தக் கலாசாலைப் படிப்பாளி, சின்னப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். என் பாட்டனாரும் அப்படித்தான் எழுதக் கற்றார். எழுதி எழுதி நகக்கண்ணில் ரத்தம் வரும் என்பார்.

சில வருஷங்களில் ஹாலேயில் தமிழ் எழுத்துகள் ஈயத்தில் வார்க்கப்பட்டு 1713இல் கப்பலேறி வந்தன. எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், இங்கேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. ஹாலேயில் தமிழ் கற்றுக்கொண்டு 1750இல் வந்த சுவார்ட்ஸ் பாதிரியார், தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கையில் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்பட வழி செய்தார்.

எங்கள் தருமபுரிக்கும் பள்ளிக்கூடச் சரித்திரத்தில் ஒரு மூலை உண்டு. 1792 முதல் 1799 வரை இங்கே தோட்டம் போட்டுக்கொண்டு குடியிருந்த தாமஸ் மன்றோ, பிறகு சென்னைக் கவர்னராகி, 1822இல் ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 188,650 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள்தான். ஊர்க்காரர்கள் கொடுத்த நெல்லிலும் காசிலும் நடந்தவை. ஊர்ப் பங்கு என்பது புது வழக்கம் அல்ல. அதில் குறைத்துப் போடுவதும் புது வழக்கமாக இருக்காது.

ஹாலேயை நான் பார்த்ததில்லை, படங்களில்தான் பார்த்தேன். பிராங்கே விட்டுப்போன நிலையம் 1946இல் தனி உரிமை இழந்து கலாசாலையோடு சேர்க்கப்பட்டது. பராமரிப்பு இல்லாமல் கட்டிடங்கள் பாழாயின. முகப்புக்கு எதிரிலேயே மேம்பாலம் போட்டு வண்டிகளை ஓட்டினார்கள். ஜெர்மனி மறுபடி ஒன்றான பிறகு 1992இல் நிலையம் உயிர் பெற்றது. இப்போது அங்கே இலத்தீன் பள்ளியின் பெயரைத் தாங்கிய உயர்நிலைப் பள்ளி நடக்கிறது.

இதையெல்லாம் படித்து முடித்த வாரம் நான் ஊருக்குப் போனேன். பள்ளிக்கூடம் அதற்குள் ஹைஸ்கூல் ஆகிவிட்டது. என் பணம் இனி வேண்டியதில்லை. வாத்தியார் வீட்டுக்குப் போய் அந்த நீள நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் பேருக்கு மேலே சந்தையில் கீரை விற்கிற அம்மாள் பேர் இருந்தது: ஆயிரம் ரூபாய். நான் நோட்டை மூடிக் கொடுத்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பெட்டியில் கொண்டுபோயிருந்த புத்தகங்களை எண்ணி அவர் முன்னால் அடுக்கினேன். பிள்ளைகளுக்கு இரவல் கொடுங்கள் என்றேன். அடுத்த திருவிழாவுக்குப் போனபோது, எத்தனை திரும்பி வந்தன என்று விசாரித்தேன்.

"பாதி வரலை தம்பி," என்றார். கொஞ்சம் யோசித்து, "ஓசூர்ல இருந்து எதிர்வீட்டுப் பொண்ணு கைக்குழந்தையோட வந்திருந்தது. அது ரெண்டு எடுத்துக்கிட்டுப் போச்சு. திருப்பிக் கேக்காதேன்னு சொல்லிட்டுப் போச்சு," என்றார்.