நாளுக்கொரு பிடி மன்னா

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு இறைவன் அளித்த மன்னாவில் நுட்பமான ஓர் ஒழுங்கு இருந்தது. ஆளுக்கு ஓர் ஓமர். அதுவும் அன்றைக்கு மட்டும். நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்தவர்களின் உணவில் புழு வைத்தது என்கிறது விடுதலைப் பயண நூல். ஒரே நாளில் மலைபோல் குவித்துக் கொடுக்க இயலாதவரா இறைவன்? சிறிதளவைக் கொடுத்து, அதைப் பெற நாள்தோறும் காலையில் கூடாரத்தைவிட்டு வெளியே வரும் பழக்கத்தையும் அவர் சேர்த்தே கொடுத்தார். எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் இடையிலான உறவை எண்ணும்போதெல்லாம் இந்தப் பகுதியே என் நெஞ்சில் வந்து நிற்கிறது.

பெருந்துறையில் நாங்கள் சிலர் கூடி மாதம் ஒருமுறை எட்டுப் பக்க மடல் ஒன்றைக் கொண்டுவருகிறோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாயிலில் வைப்போம். எடுத்துச் செல்வோர் உண்டு. படிப்போர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. சிப்காட் ஆலைகளில் முறைவேலை செய்வோரும், ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் பேருந்தில் நின்றபடியே போய்வருவோரும் எங்கள் மக்கள். அவர்களுக்கு எட்டுப் பக்கம் என்பது பெரிய சுமை. மடலின் கருத்துகளை நாளுக்கு நான்கு வரியாக வாட்ஸ்அப் வழியே அனுப்பலாமே என்று இளைஞர் குழுவைச் சேர்ந்த பெண்ணொருத்தி சொன்னபோது, மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தனர். “ஆழ்ந்து எழுதியதைத் துண்டு துண்டாக வெட்டி, ஆள் பிடிக்கத் தூண்டிலில் மாட்டுவதா?” என்று கேட்டார் ஒருவர். அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், திருச்சபை வரலாறு அதற்கு ஒரு விடையை வைத்திருக்கிறது.

1594ஆம் ஆண்டு, 27 வயது இளங்குருவாகிய பிரான்சிஸ் சலேசியார், ஜெனீவா ஏரியின் தென்கரையிலுள்ள ஷப்லே பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள மக்கள் கால்வினின் சீர்திருத்தச் சபையைத் தழுவியிருந்தார்கள். கோட்டையொன்றில் தங்கிக்கொண்டு தொனோன் நகருக்கு நடந்து செல்வார், மறையுரை ஆற்றுவார், கேட்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மக்கள் ஆலயத்துக்கு வராவிட்டால் சொல் அவர்களின் வீட்டுக்குப் போகட்டும் என்று தீர்மானித்தார். தாம் சொல்ல விரும்பியதைச் சிறு சிறு தாள்களில் எழுதிப் படியெடுக்கச் செய்து, கதவிடுக்கு வழியே வீடுகளுக்குள் செலுத்தினார். பொது இடங்களிலும் ஒட்டினார். இப்படித் தொடர்ந்து எழுதிய தாள்களே அவர் மறைந்த பின் நூலாக வெளிவந்தன. பின்னாளில் அப்பகுதி கத்தோலிக்க மறைக்குத் திரும்பியதில் அரசியலுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அத்தாள்களின் வாதங்களும் இன்றைய ஒன்றிப்பு உணர்வுக்கு அப்பாற்பட்டவை. ஆனால் வராதவரைப் பழிக்காமல் அவர் வாசல்வரை நடந்து சென்ற பொறுமை பழையதாகிவிடவில்லை. 1923இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்தது பொருத்தமே. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2012 டிசம்பர் 12 அன்று டுவிட்டரில் தம் முதல் செய்தியை 140 எழுத்துகளுக்குள் அடக்கி அனுப்பியபோது, அந்தக் கதவிடுக்கின் வழியே இன்னொரு தாள் நுழைந்ததாகவே எனக்குத் தோன்றியது.

சலேசியாரைத் தேடி அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் நாள்தோறும் காலையில் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சில நிமிடப் பேச்சுதான். மேடைத் தமிழின் முழக்கம் இல்லை. திண்ணையில் அமர்ந்து பேசும் குரல். ஒரு செய்தி, ஒரு சிந்தனை, முடிவில் சிரிக்கவைக்கும் ஒரு சிறு கதை. பல் துலக்கிக்கொண்டிருந்தவரும் அடுப்படியில் நின்றவரும் தேநீர்க் கடையில் காத்திருந்தவரும் அந்த நேரத்துக்குக் காது கொடுத்தனர். பிறகு அதே உரைகள் நூல்தொகுதிகளாக வந்தபோது, காதால் கேட்டவற்றைக் காசு கொடுத்து வாங்கியும் படித்தனர். சிறியது பெரியதற்குப் பகையன்று. பெரியதைத் தேடிவரும் வழியாக அது அமையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் மண்ணில் வேண்டுமா?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின் நாங்கள் தொடங்கினோம். முதற்பாடம் நேரந்தவறாமை. காலை முறைக்குச் செல்வோர் பேருந்தில் ஏறும் வேளையில் நான்கு வரி போய்விட வேண்டும். இரண்டாவது, அந்த நான்கு வரி தன்னளவில் நிறைவாக இருக்க வேண்டும். ‘மீதியை அறிய மடலைப் பாருங்கள்’ என்று பாதியில் நிறுத்துவது பசித்தவனுக்கு இலையை மட்டும் விரித்துக் காட்டுவது போன்றது. கையில் ஒரு பிடி உணவு கொடுத்த பிறகே, உள்ளே விருந்து உண்டு என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது. ஆகவே மடலைப் பற்றிய அழைப்பு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளியன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை எதுவும் அனுப்புவதில்லை. ஓய்வுநாளில் மன்னா பொழியவில்லை அல்லவா? அன்று மக்கள் நேரில் வரட்டும், முகம் பார்க்கட்டும்.

வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் ஓர் ஒழுங்கு உண்டு. நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேருக்குமேல் சேர்க்க இயலாது. இதைக் குறை என்பார்கள் சிலர். எனக்கு அது நல்வரமாகப் படுகிறது. வாசகரும் தம் பக்கத்துக் கதவைத் திறந்தால்தான் சொல் உள்ளே நுழையும். இன்னொன்றும் உண்டு: கைப்பேசித் தளங்கள் இரவல் வீடுகள். உடையவர் நாளையே விதியை மாற்றலாம், கதவையும் சாத்தலாம். எனவே மடல் வேண்டும் என்று கேட்போரின் பெயரையும் முகவரியையும் அவர்கள் இசைவோடு எங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். அந்தக் குறிப்பேடு எங்களுடையது. அதிலுள்ள நம்பிக்கை அவர்களுடையது.

ஒருநாள் நூற்பாலையில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் அழைத்தார். அன்றைய வரிகள், இறந்துபோன பிள்ளைக்காகப் புலம்பும் தாயைப் பற்றியவை. “ஏனுங்க, இதுக்கு மேல எழுதியிருக்கறது எங்கீங்க கெடைக்கும்? எம் பையன் போயி ஒரு வருசமாச்சுங்க” என்றார். மடலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதைப் படித்து அவர் ஆறுதல் அடைந்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த மாதம், “இன்னும் ரெண்டு சேர்த்துக் குடுங்க, கூட வேலை செய்யறவங்க கேட்டாங்க” என்றார். வாசகர் வட்டம் பெருகுவது என்பதை நான் இவ்வாறுதான் அறிந்திருக்கிறேன். ஒரு துயரம் இன்னொரு துயரத்திடம் நம் பெயரைச் சொல்லி அனுப்புகிறது.

ஆனால் சோதனையும் இங்கேதான் தொடங்குகிறது. எந்த வரி அதிகம் பகிரப்பட்டது என்பது எப்படியோ நம் காதுக்கு வந்துவிடுகிறது. யாரையேனும் சாடும் வரி வேகமாகப் பரவுகிறது. பயத்தை மூட்டும் வரி அதனினும் வேகமாக. மன்னிப்பைப் பற்றிய வரி மெல்ல நடக்கிறது. எண்ணிக்கைதான் நோக்கம் என்றால், எப்படி எழுத வேண்டும் என்பதை ஒரே மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். தாவீது அரசர் தம் மக்களைக் கணக்கெடுத்த பின் அவர் நெஞ்சே அவரை வாட்டியதாகச் சாமுவேல் நூல் கூறுகிறது. எண்ணுவதே பாவமா? நல்ல ஆயனும் தன் ஆடுகளை எண்ணுகிறான். எண்ணியதால்தானே நூற்றில் ஒன்று குறைந்ததை அறிந்தான்! தன் வலிமையை அளக்க எண்ணுவது ஒன்று; காணாமற்போனதைத் தேட எண்ணுவது மற்றொன்று. பட்டியலிலிருந்து ஒருவர் விலகும்போது, ‘குறைந்துவிட்டது’ என்று வருந்துகிறோமா, ‘அவருக்கு என்ன ஆயிற்று’ என்று நினைக்கிறோமா? அந்தக் கணத்தில் தெரிந்துவிடும், நாம் எந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது.

எங்கள் பகுதி மஞ்சள் விளையும் பூமி. நட்ட பின் ஏறத்தாழ ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். வயலில் கண்ணுக்குத் தெரிவது இலைதான். இலையின் செழிப்பைக் கண்டு மகிழலாம். ஆனால் விளைச்சல் மண்ணுக்குள் இருக்கிறது. கிழங்கு எப்படித் திரளுகிறது என்று பார்ப்பதற்காக எந்த உழவரும் நாள்தோறும் தோண்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் பாய்ச்சும் நாளில் பாய்ச்சிவிட்டு வீடு திரும்புகிறார். நாளுக்கு நான்கு வரி எழுதுகிறவருக்கும் அதுவே போதுமான வேலை.